புள்ளிப் பட்டியல் வந்த பிறகு எங்கள் டோட்டா குழுவில் யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. என்ன செய்யலாம்?

பத்துமணி ஆட்டம் (கேள்வி)

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரமாக மனத்தில் கிடந்து உறுத்துகிறது.

நான் திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர். 2007 முதல் 2011 வரை பொறியியல் படித்தபோது, விடுதியில் அறைக்கு அறை கேபிள் இழுத்து வார்கிராஃப்ட் 3 என்ற கணினி விளையாட்டில், அணிக்கு ஐந்து பேராக டோட்டா ஆடிய கூட்டத்தில் நானும் ஒருவன். படிப்பு முடிந்ததும் ஆளுக்கொரு திசையில் போய்விட்டோம். 2020 ஏப்ரலில், ஊரடங்கின்போதுதான் பதினொரு பேர் மறுபடி ஒன்றுசேர்ந்தோம். டிஸ்கார்ட் என்ற பேச்சுச் செயலியில் ஒரு சர்வர், இரவு பத்து மணிக்கு டோட்டா 2-இல் எங்களுக்குள்ளேயே ஒரு லாபி, அதாவது வெளியாள் சேராத தனி ஆட்டம். பத்துப் பேர் ஆடுவோம், பதினொன்றாமவர் பார்ப்பார்.

அந்த நாட்கள் எப்படி இருந்தன என்பதற்கு ஒரே ஓர் இரவைச் சொல்கிறேன். ஆட்டத்தின் 38-ஆவது நிமிடம். ரோஷான் என்ற பெரிய பூதத்தின் குகை வாசலில் இரண்டு அணியும் மோதிக்கொண்டிருக்கிறோம். எதிரணியின் கேரி, அதாவது அணியின் முக்கிய அடிக்காரர், சாகும் நிலையில் இருக்கிறார், இன்னும் ஓர் அடி விழுந்தால் முடிந்தது. அந்த நேரம் பார்த்து அவர் எஃப் 9-ஐ அழுத்தி ஆட்டத்தை நிறுத்தினார். "குழந்தை அழுகிறது, மனைவிக்குக் காய்ச்சல், ஐந்து நிமிடம்" என்றார். ஐந்து நிமிடம் பதினெட்டு நிமிடமானது. ஒன்பது பேரும் காத்திருந்தோம். ஒருவர் டீ போடப் போனார். இன்னொருவர் தன் வீட்டு மாடியில் வளர்க்கும் தக்காளிச் செடியைப் பற்றிப் பேசினார். பிறகு மைக்கில் கிசுகிசுப்பாக ஒரு குரல் வந்தது: "வந்துவிட்டேன், தோளில் தூங்குகிறான், சத்தமாகப் பேசாதீர்கள்." மீதி ஆட்டத்தைப் பத்துப் பேரும் கிசுகிசுத்தபடியே ஆடி முடித்தோம். யார் வென்றது என்பது எனக்கு நினைவில் இல்லை.

நண்பர்களின் நண்பர்கள் என்று சேர்ந்து 2022 கடைசியில் ஐம்பது பேருக்கு மேல் ஆகிவிட்டோம். நாகர்கோவிலிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் வந்தார். முதல் ஆட்டத்தில் பதினேழு முறை செத்தார். ஆட்டம் முடிந்த பிறகு எங்களில் மூன்று பேர் இரவு ஒரு மணி வரை இருந்து, எதிரி வருவதைக் காட்டும் வார்டை எங்கே வைப்பது, காட்டில் இருக்கும் கிரீப் என்ற மிருகங்களை எந்த நொடியில் இழுப்பது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். யாரும் அவர்களைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவர்களாகவே உட்கார்ந்தார்கள்.

இந்த ஆண்டு ஜனவரியில் நான்தான் அந்தப் பட்டியலைப் போட்டேன். வேலையில் நாள் முழுக்க எக்செல் பார்ப்பவன், கை சும்மா இருக்கவில்லை. வென்றால் 25 புள்ளி, தோற்றால் 25 கழியும். மாதக் கடைசியில் முதலிடம் பிடிப்பவருக்கு 500 ரூபாய்க்கு ஒரு பரிசு. முதல் மாதம் பிரமாதமாக இருந்தது. வராதவர்களெல்லாம் வந்தார்கள், இரண்டு லாபி திறக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது மாதம் சப்போர்ட் ஆட, அதாவது மற்றவர்களுக்குத் துணையாக ஆட, ஆள் கிடைக்கவில்லை. கேப்டன்கள் ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு தேர்ந்தெடுத்தார்கள். கடைசியாக எடுக்கப்படுபவர்கள் தினமும் அதே நான்கு பேர். தங்களை யாரும் விரும்பி எடுக்கவில்லை என்பது அந்த நான்கு பேருக்கும் தினமும் பத்து மணிக்கு எல்லார் முன்னாலும் தெரியவந்தது. ஆட்டம் முடிந்ததும் இரு பக்கமும் "ஜிஜி" (நல்ல ஆட்டம்) போடும் வழக்கம் நின்றது. எதிராளி நன்றாக ஆடினால் பாராட்டுவதற்காக விளையாட்டிலேயே 'டிப்' என்று ஒன்று இருக்கிறது. அதை, தவறு செய்தவனைக் குத்திக்காட்டத் தட்ட ஆரம்பித்தார்கள்.

மூன்று வாரங்களுக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை. தோஹாவில் வேலை செய்யும் எங்கள் நண்பர், முதல் பதினொரு பேரில் ஒருவர், வாரத்தில் அந்த ஒரு நாள்தான் ஆட வருவார். அவருக்கு அன்றுதான் விடுமுறை. நடு ஆட்டத்தில் அவருக்கு நெட் போய்விட்டது. எங்கள் அணி ஆட்டத்தை நிறுத்தியது. அரை நிமிடம்தான் ஆகியிருக்கும், எதிரணிக் கேப்டன் நிறுத்தத்தை எடுத்துவிட்டார். "புள்ளிக்கு ஆடுகிற ஆட்டம், காத்திருக்க முடியாது." நண்பர் திரும்பி வந்தபோது எங்கள் கோட்டையின் பாதி விழுந்திருந்தது. தோற்றோம். அப்போது எங்கள் அணியிலேயே ஒருவர், விடுதியில் நான்கு ஆண்டு எங்களோடு ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டவர், மைக்கில் சொன்னார்: "உன்னை எடுத்ததே தப்பு. ஒழுங்காக நெட் இல்லாதவன் எதற்கு வருகிறாய்?"

டிஸ்கார்டில் பேசும்போது பெயரைச் சுற்றிப் பச்சை வளையம் ஒளிரும் இல்லையா? தோஹா நண்பரின் வளையம் ஒரு முறை ஒளிர்ந்து அணைந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தியிருக்க வேண்டும். மறுநாள் காலை அவர் சர்வரில் இல்லை.

அன்று பட்டியலில் நான் இரண்டாவது இடத்தில் இருந்தேன். எனக்கும் 25 போயிருந்தது. அந்த எரிச்சலில் நானும் வாய் திறக்கவில்லை.

பட்டியலை எடுத்துவிட்டால் பாதிப் பேர் போய்விடுவார்கள் என்கிறார்கள். திட்டியவரை வெளியேற்றச் சொல்கிறார்கள் சிலர். வேறு குழு நடத்தியவர்கள், நடத்துபவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நீங்கள் என்ன செய்தீர்கள்?

---

வடக்கு லேன்

திட்டுபவரை முதல் முறை எச்சரியுங்கள், இரண்டாவது முறை ஒரு வாரம் தடை, மூன்றாவது முறை வெளியே. எழுதி வைத்து நடத்தினால் பிரச்சினை இல்லை. எங்கள் குழுவில் அப்படித்தான். பட்டியலுக்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. வாய் நாற்றம் பிடித்தவன் எங்கும் இருப்பான்.

---

பழைய பிரவுசிங் சென்டர்

தம்பி, நான் 2004 முதல் 2013 வரை மதுரையில் ஒரு பிரவுசிங் சென்டர் நடத்தியவன். பன்னிரண்டு கணினி, மணிக்கு 20 ரூபாய். பகலில் விண்ணப்பம் போடவும் ரிசல்ட் பார்க்கவும் வருவார்கள். மாலை ஆறு மணிக்கு மேல் கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6, டோட்டா, இவை இரண்டும்தான். ஒன்பது ஆண்டுகள் பையன்களின் முதுகுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

போட்டி வந்ததால் நட்பு போய்விட்டது என்று மொத்தமாகச் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் கடையில் இருந்த போட்டியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தோற்ற அணி பத்துப் பேருக்கும் மணிக்காசு கட்ட வேண்டும். காசு சம்பந்தப்பட்ட விஷயம், அதுவும் பள்ளிக்கூடப் பையன்களின் காசு. கத்துவார்கள், மேசையைத் தட்டுவார்கள், மவுஸை உடைத்தவனும் உண்டு. ஆனால் ஆட்டம் முடிந்ததும் என்ன நடக்கும்? தோற்றவன் காசைக் கட்டுவான். கட்டியதும் கணக்குத் தீர்ந்தது. வென்றவன் தோற்றவனின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்துதான் வீட்டுக்குப் போவான், ஏனென்றால் இரண்டு பேரும் ஒரே தெரு. மறுநாள் அணி மாறும். நேற்று யாரைத் திட்டினானோ அவன் இன்று பக்கத்து நாற்காலியில் இருப்பான்.

உங்கள் பட்டியல் என்ன செய்தது என்று யோசித்துப் பாருங்கள். அன்றைய தோல்வியை அன்றோடு முடியவிடவில்லை. வெள்ளிக்கிழமை தோற்ற 25, சனிக்கிழமையும் பெயருக்கு எதிரே நிற்கிறது. திங்கட்கிழமை அலுவலக வேலைக்கு நடுவே திறந்து பார்த்தாலும் நிற்கிறது. காசைக் கட்டித் தீர்க்க முடியாத கடன் அது.

இன்னொன்று. இந்த மாதிரி ஏறி இறங்கும் எண்ணை முறைப்படி வகுத்தவர் அர்பாட் எலோ என்ற இயற்பியல் பேராசிரியர். சதுரங்கத்துக்காக வகுத்தார். உலகச் செஸ் கூட்டமைப்பு 1970-இல் அதை ஏற்றுக்கொண்டது. செஸ் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவன் ஒருவன். தோற்றால் குதிரையைத் தப்பாக வைத்தது அவன் கைதான், வேறு யார் மேலும் பழி போட இடமில்லை. அந்த எண்ணைக் கொண்டுவந்து ஐந்து பேர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் ஒட்டினால் என்ன ஆகும்? எண் என்னுடையது, ஆனால் அது இறங்கக் காரணம் மற்ற நான்கு பேர். ஒவ்வொருவனும் இப்படித்தான் நினைப்பான். அப்படி நினைக்காமல் இருக்க அசாத்தியப் பொறுமை வேண்டும். டோட்டா 2-இல் 2013 டிசம்பரில் எம்.எம்.ஆர். என்று, ஆடுபவரின் திறமையைச் சொல்லும் எண்ணை அவரவர் பார்க்கும்படி வைத்தார்கள். என் கடை மூடும் சமயம் அது. அதற்குப் பிறகு வந்த சில மாதங்களில், "நான் 3000 ஆள், இவனெல்லாம் 2000, இவனோடு எப்படி ஆடுவது" என்று பேச ஆரம்பித்தார்கள். ஆறு வருடம் ஒன்றாக ஆடிய பையன்கள். அவர்களுக்குள் யார் கெட்டிக்காரன் என்பது முன்பும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதை எண்ணால் சொல்ல வழி இருக்கவில்லை, அதனால் யாரும் சொல்லவும் இல்லை.

நேர்மையாக இதையும் சொல்ல வேண்டும்: எண் வருவதற்கு முன்னால் நெட்டில் எல்லாரும் தங்கமாக இருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. டோட்டா என்பதே 2003-இல் வார்கிராஃப்ட் 3-க்காக ஒரு ரசிகர் செய்த மேப்பிலிருந்து வளர்ந்தது. அந்தக் காலத்திலும் நெட்டில் முகம் தெரியாதவர்களோடு ஆடினால், புதியவன் என்று தெரிந்ததும் லாபியிலிருந்து தூக்கிவிடுவார்கள், பாதி ஆட்டத்தில் ஓடிப்போவார்கள். அதே பையன் என் கடையில் உட்கார்ந்து ஆடும்போது அப்படிச் செய்ய மாட்டான். பக்கத்தில் இருப்பவனின் முகம் சிவப்பது தெரியும். கூடவே நானும் பின்னால் இருக்கிறேன்.

பரிசுப் பணத்தைச் சிலர் காரணமாகச் சொல்வார்கள். 2011-இல் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் நடந்த முதல் 'தி இன்டர்நேஷனல்' என்ற டோட்டா 2 போட்டியில் மொத்தப் பரிசு 16 லட்சம் டாலர். 2021-இல் அது 4 கோடி டாலரைத் தொட்டது. அந்தப் பணம் என் தெருப் பையன்களுக்கு வரப்போவதில்லை. ஆனால் அந்த ஆட்டங்களைப் பார்த்த பிறகு அவர்கள் பேசும் பேச்சு மாறியது, ஒவ்வொரு ஆட்டமும் இறுதிப் போட்டி மாதிரி. அதற்கு மேல் அதில் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

என் யோசனை: எண்ணைச் சேர்த்துக்கொண்டே போகாதீர்கள். அன்றைய வெற்றி தோல்வியை அன்றே சொல்லிக் கொண்டாடிவிட்டு அழித்துவிடுங்கள். கேப்டன் ஆள் எடுக்கும் வழக்கத்தையும் நிறுத்துங்கள். சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். கடைசியாக எடுக்கப்படுகிற அவமானம் யாருக்கும் வேண்டாம்.

அதற்கெல்லாம் முன்னால், தோஹாவுக்கு நீங்களே போன் செய்யுங்கள். வாட்ஸ்அப் செய்தி அனுப்பிவிட்டு இருக்காதீர்கள். குரல் கேட்க வேண்டும்.

---

பத்துமணி ஆட்டம்

அண்ணன், "காசைக் கட்டித் தீர்க்க முடியாத கடன்" என்ற வரியை இரண்டு முறை படித்தேன். விடுதியில் எங்களுக்கும் அப்படித்தான். தோற்ற அணி மெஸ்ஸில் ஆம்லெட் வாங்கித் தர வேண்டும். ஆம்லெட்டோடு முடிந்துவிடும்.

போன் விஷயம். மூன்று வாரமாகச் செய்யவில்லை. என்ன சொல்வது என்று தெரியாமல் தள்ளிப்போட்டேன். இந்த வாரம் செய்கிறேன்.

---

வார்டு வைப்பவள்

வணக்கம். நான் எட்டு ஆண்டுகளாக சப்போர்ட் மட்டும் ஆடுகிறேன், அதிலும் ஐந்தாம் இடம். சப்போர்ட் ஆட ஆள் கிடைக்கவில்லை என்று நீங்கள் எழுதிய இடத்தில்தான் எனக்கு எல்லாம் புரிந்தது. எந்தக் குழுவிலும் முதலில் காய்வது அந்த இடம்தான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அணியில் ஐந்தாம் இடத்தில் ஆடுபவரிடம் தங்கம், அதாவது ஆட்டத்துக்குள் செலவழிக்கும் காசு, இருக்காது. முன்பெல்லாம் பொருட்களைச் சுமந்து வரும் கூரியர் கழுதையையும் வார்டுகளையும் தன் தங்கத்தில் வாங்குவது அவர்தான். 2019 நவம்பரில்தான் ஆளுக்கொரு கூரியர் இலவசமாக வந்தது. கேரி சாகப்போகிறார் என்றால் குறுக்கே விழுந்து சாவதும் அவர்தான். ஆட்டம் முடிந்ததும் திரையில் வரும் கணக்குக் கட்டத்தில் அவர் பெயருக்கு எதிரே மூன்று கொலை, பதினான்கு சாவு என்று இருக்கும். பதினோராவது நிமிடத்தில் மேட்டில் வைத்த ஒரு வார்டு, எதிரிகள் ஐந்து பேர் பதுங்கி வருவதைக் காட்டியதால் கேரி பிழைத்தார் என்பது அந்தக் கட்டத்தில் எங்கும் இருக்காது. மற்றவர்களுக்காக ஆடுபவருக்குக் கட்டத்தில் இடமில்லை. எண்ணுக்கு மதிப்பு ஏற ஏற, எண் காட்டாத வேலையை யாரும் செய்ய மாட்டார்கள்.

இதைச் சரிசெய்கிறோம் என்று நாங்கள் ஒரு தவறு செய்தோம். நீங்கள் செய்துவிடக் கூடாது என்பதால்தான் எழுதுகிறேன். 2021-இல் நான் இருந்த குழுவில் 'நல்ல மனம்' என்று தனியாக ஒரு புள்ளி வைத்தோம். ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொருவரும் இன்னொருவருக்கு ஒரு புள்ளி தரலாம். இரண்டே வாரம். "நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுகிறேன்" என்று தனிச்செய்தியில் பண்டமாற்று நடந்தது. விளையாட்டிலேயே ஒரு காலத்தில் நான்கு வகைப் பாராட்டு இருந்ததே: நட்பாக இருந்தார், மன்னித்தார், கற்றுக்கொடுத்தார், தலைமை தாங்கினார் என்று. அதையும் பேரம் பேசி வாங்கினார்கள். அன்பாக நடந்துகொள்வதற்கும் ஒரு பட்டியல் போட்டால் அதிலும் முதலிடத்துக்கு அடித்துக்கொள்வார்கள். நான் கண்ணால் பார்த்தது இது.

என் மைக் பெரும்பாலும் அணைந்தே இருக்கும். பெண் குரல் கேட்டதும் தோல்விக்குக் காரணம் யார் என்பது முதல் நிமிடத்திலேயே முடிவாகிவிடும். அந்தப் பழைய குழுவில் மட்டும் மூன்று மாதம் மைக்கைத் திறந்து வைத்து ஆடினேன். அதனால்தான் அது உடைந்தபோது எனக்கு அவ்வளவு வலித்தது.

இப்போது இருக்கும் சிறிய குழுவில் ஒன்று நன்றாக நடக்கிறது. மீதியிருக்கும் பதினொன்றாவது ஆள், வெறுமனே பார்க்காமல் கோச்சாக உட்கார வேண்டும். டோட்டாவில் அதற்கு வசதி இருக்கிறது, மேப்பில் கோடு போட்டுக் காட்டலாம், பேசலாம். அன்று ஆடுபவர்களில் யார் புதியவரோ அவருக்கு. இது முறைவைத்து எல்லாருக்கும் வரும், நன்றாக ஆடுபவருக்கும் வரும். ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்த மறுநாள் அவரைத் திட்டுவது கஷ்டமாக இருக்கிறது. ஏன் என்று எனக்கு விளக்கத் தெரியவில்லை. அப்படித்தான் நடக்கிறது.

---

பதினேழு

அண்ணா, பதினேழு முறை செத்தவன் நான்தான். இந்த இணைப்பை நம் குழுவில் ஒருவர் அனுப்பினார்.

இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். முதலாவது, பட்டியலை முழுக்கக் குறை சொல்லாதீர்கள். ஜனவரியில் நான் கடைசியிலிருந்து மூன்றாவது. அந்த இடம் பிடிக்காமல்தான் பழைய ஆட்டங்களின் பதிவை உட்கார்ந்து பார்த்தேன், ஒரே ஹீரோவை நாற்பது ஆட்டம் ஆடினேன். மார்ச்சில் ஆறாவது இடத்துக்கு வந்தேன். அந்தச் சந்தோஷம் பொய் இல்லை. வெறுமனே சிரித்துப் பேசுவதற்கென்றால் நான் ஆடவே வர மாட்டேன். ஜெயிக்க வேண்டும் என்று தோன்றுவதுதான் எனக்கு இதில் பிடித்தது.

இரண்டாவது விஷயத்தை எழுதலாமா வேண்டாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன். பிப்ரவரியில் தஞ்சாவூரிலிருந்து ஒரு பையன் வந்தான், உங்களுக்கு நினைவிருக்காது, நான்கு நாள்தான் இருந்தான். பதினொன்றாம் வகுப்பு. என் அணியில் விழுந்தான். மிட், அதாவது நடுப் பாதை கேட்டான், கொடுத்தோம், ஆறு நிமிடத்தில் மூன்று முறை செத்தான். "முதலில் போய் கணினி ஆடும் பாட்களோடு ஆடிப் பழகிவிட்டு வா, இங்கே எங்கள் புள்ளியைக் கெடுக்காதே" என்று சொன்னேன். சொன்னது நான்தான். "சரி அண்ணா, சாரி" என்றான். என்னை அதுவரை யாரும் அங்கே அண்ணா என்று கூப்பிட்டதில்லை.

எனக்காக அன்று ஒரு மணி வரை உட்கார்ந்திருந்த மூன்று பேரில் ஒருவர் தோஹா அண்ணன். அவருக்கு அப்போது இரவு பத்தரை. மறுநாள் காலை ஐந்து மணிக்கு அவருக்கு வேலை வண்டி வரும் என்று பிறகுதான் தெரிந்தது.

அந்தப் பையனின் பெயர் என் நண்பர் பட்டியலில் இன்னும் இருக்கிறது. நேற்று இரவு செய்தி அனுப்பியிருக்கிறேன். பதில் வரவில்லை.

---

வடக்கு லேன்

மேலே நான் எழுதியதில் ஒரு திருத்தம். எங்கள் குழுவின் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். கடந்த ஓராண்டில் மூன்றாவது எச்சரிக்கையில் வெளியேறியவர்கள் இரண்டு பேர். யாரும் எச்சரிக்காமல், யாரிடமும் சொல்லாமல் தானாகப் போனவர்கள் பத்தொன்பது பேர். இந்தப் பத்தொன்பதை நான் இதுவரை எண்ணிப் பார்த்ததே இல்லை.

---

பத்துமணி ஆட்டம்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி.

தோஹாவுக்குப் பேசினேன். நாற்பது நிமிடம். முதல் பத்து நிமிடம் வீடு, குழந்தை, வெயில் என்று போனது. பிறகு நானே ஆரம்பித்து, அன்று பேசாமல் இருந்தது தப்பு என்றேன். அவர் திட்டியவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அவன் விடுதியிலேயே அப்படித்தான், எனக்குத் தெரியாதா" என்றார். அவருக்கு வலித்தது வேறொன்று. நெட் போனதும் பதறிப்போய்ப் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டு உள்ளே வந்திருக்கிறார், நாம் நிறுத்தி வைத்திருப்போம் என்று நம்பி. வந்து பார்த்தபோது கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. "அதைப் பார்த்ததும் சரி, கிளம்பலாம் என்று தோன்றிவிட்டது" என்றார். திட்டு விழுந்தது அதற்குப் பிறகுதான்.

பட்டியலை அழித்துவிட்டேன். குழுவில் சொல்லிவிட்டுத்தான் அழித்தேன். நான்கு நாளில் பதினான்கு பேர் போனார்கள், அதில் இரண்டு பேர் மிக நன்றாக ஆடுபவர்கள், வருத்தமாகத்தான் இருக்கிறது. தம்பி பதினேழு சொன்னதை மதித்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் முறையான போட்டி வைத்திருக்கிறோம். அன்று யார் வேண்டுமானாலும் உயிரைக் கொடுத்து ஆடலாம். வென்ற அணியின் ஐந்து பெயரையும் குழுவின் தலைப்பில் எழுதி வைப்போம், திங்கள் காலை எடுத்துவிடுவோம். மற்ற நாட்களில் சீட்டுதான். என் மகள் எழுதிக் கொடுத்த பத்துத் துண்டுச் சீட்டுகளை ஒரு டப்பாவில் போட்டுக் கேமரா முன்னால் எடுக்கிறேன். நிறுத்தத்துக்கு ஒரே ஒரு விதி: நிறுத்தியவர்தான் எடுக்க வேண்டும்.

திட்டிய நண்பரோடும் பேசினேன். அவர் கோபமாகத்தான் இருக்கிறார், இந்த இழையைப் படித்துவிட்டார். தன்னைப் பற்றி வெளியில் எழுதியிருக்க வேண்டாம் என்றார். அதில் நியாயம் இருக்கிறது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனாலும் நேற்று சீட்டெடுக்க வந்துவிட்டார், சப்போர்ட் ஆடினார்.

தோஹா நண்பர் இப்போதைக்கு ஆட வரமாட்டேன் என்றார், அந்த நெட்டை வைத்துக்கொண்டு யாரையும் காக்க வைக்க மனமில்லையாம். அப்போதுதான் வார்டு வைப்பவள் எழுதிய கோச் விஷயம் ஞாபகம் வந்து சொன்னேன். கோச்சுக்கு நெட் கொஞ்சம் விட்டு விட்டு வந்தாலும் ஆட்டம் கெடாது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "யாருக்கு?" என்று கேட்டார்.

தஞ்சாவூர்ப் பையன் முந்தாநாள் பதில் போட்டிருக்கிறான். பரீட்சை முடிந்துவிட்டதாம். வெள்ளி இரவு நமக்குப் பத்து மணி, தோஹாவில் ஏழரை. இரண்டு பேரிடமும் நேரத்தைச் சொல்லியிருக்கிறேன்.